தெளிந்த நீரில் ஒளிந்த கிருமிகள்

(நமது சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

    

ஆண்டுவிழா மேடையில் பேசுவோர் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாமோ தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது சமயத்துக்குப் புறம்பான பொருள் என்று எவரும் எண்ணவேண்டா. திங்களூரிலே அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த செய்தியைப் பெரிய புராணத்திற் படித்திருக்கின்றோம். எமது சங்கமும் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் போடுகின்றது. தாகத்தோடு வருபவன், நாம் நீட்டும் செம்பை வாங்கி ஒன்றுங் கேளாமற் குடிக்கின்றான். அவன் கேளாத கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த நீர் நல்லதுதானா?

"தாங்கிக்குப் பவுடர் போட்டாயிற்று, இனிப் பயமில்லை" என்பது சிலர் விடை. "பவுடர் போட்டால் நாற்றம்; நம் பாட்டன்மார் குடித்த கிணற்றுநீரே நல்லது" என்பது வேறு சிலர் விடை. இவ்விரண்டிலும் பாதி உண்மை இருக்கின்றது. மற்றப் பாதியில்தான் ஆபத்து இருக்கின்றது. அந்த மற்றப் பாதியைப் பற்றியே இன்று பேசப் போகின்றோம்.

முதலில் எமது நீரின் நிலையைப் பார்ப்போம். தீவுப்பகுதியின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். மாரியிற் பெய்யும் மழை கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரங் கூடியது. ஆதலால் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். ஆகவேதான் ஒரு வளவில் நல்ல தண்ணீரும் அடுத்த வளவில் உவர்த்தண்ணீருமாக இருக்கின்றது. சுண்ணக்கல்லுக்கு இன்னுமொரு குணமுண்டு. மணலைப்போல அது நீரை நன்றாக வடிகட்டுவதில்லை. மலக்குழியிலிருந்து கசியும் நீர் அதே வெடிப்புக்களின் வழியே கிணற்றுக்கு விரைந்து வந்து சேரும். வெள்ளம் நின்ற மாரிக்குப் பிறகு நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டன்மார் காலத்தில் துலாவில் இறைத்த நீரை அன்றே குடித்தார்கள். இன்றோ நீர் தாங்கியில் ஏறுகின்றது, குழாயில் ஓடுகின்றது, பவுசரிலும் பிளாஸ்ரிக் கானிலும் பயணஞ் செய்கின்றது. உவரை நீக்கும் பொறிகளும் தீவுகளுக்கு வந்துவிட்டன. குடாநாட்டுக்காக வடமராட்சி கிழக்குத் தலையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. எனவே, "சுத்திகரித்த நீர்" என்பது இனி எமக்குப் புதிய சொல் அன்று. சுத்திகரித்த நீர் வாயை அடையும்வரை சுத்தமாகவே இருக்கின்றதா என்பதுதான் புதிய கேள்வி.

நீரினால் நோய் பரவும் என்ற அறிவு எளிதிற் கிடைத்ததன்று. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, அது ஒரு வீதியிலிருந்த நீர்ப் பம்பியைச் சுற்றியே பரவியதை யோன் சினோ என்னும் வைத்தியர் கணக்கெடுத்துக் காட்டினார். 1884இல் உரோபேட்டு கொக்கு என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்நோயின் கிருமியை அங்குள்ள குளத்து நீரிலும் கண்டார். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நெருப்புக்காய்ச்சலை அடக்கக் குடிநீருக்குக் குளோரீன் இட்டார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் அதை நாள்தோறும் இடத் தொடங்கியது. அதன்பின் நகரந்தோறும் நெருப்புக்காய்ச்சலும் வாந்திபேதியும் குறைந்தன. மனிதவுயிரை இத்துணை மலிவாகக் காத்த மருந்துகள் சிலவே.

எமது நாட்டிலும் 1866ஆம், 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியது. அக்காலத்தில் மானிப்பாயில் வைத்தியம் செய்தவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர். 1847இல் இங்கு வந்த அவர், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கினார். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அவர் பெயர் இளமையிலேயே பழக்கம். உடம்பைக் காக்கும் அறிவு, மக்களுடைய மொழியில் இருந்தாலன்றி மக்களைக் காவாது என்பது அவர் காட்டிய பாடம். இன்று நாம் இப்பொருளைத் தமிழிற் பேசத் துணிவதும் அப்பாடத்தினாலேயே.

இனி, குளோரீன் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். வெளிற்றும் தூள், அதாவது நாம் கடையிற் பிளீச்சிங் பவுடர் என்று கேட்டு வாங்கும் பொருள், நீரிற் கரைந்ததும் ஐப்போகுளோரசு அமிலம் என்னும் பொருளைத் தருகின்றது. அது கிருமியின் உறையை ஊடறுத்து உள்ளே புகுந்து, உயிர்த்தொழிலை நடத்தும் புரதங்களை எரித்துக் கெடுத்துவிடுகின்றது. நீரிலே தனியே மிதக்கின்ற வாந்திபேதிக் கிருமியும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும் இதன்முன் நெடுநேரம் நில்லா. அப்படியாயின், பவுடர் போட்ட பிறகும் கிருமிகள் பிழைப்பது எவ்வாறு?

பகைவன் வரும்போது கோட்டைக்குள் ஒளிபவனைப்போலக் கிருமிகளும் அரண்களுக்குள் ஒளிகின்றன. அவ்வரண்களுள் ஐந்தைக் கூறுவோம்.

முதலாவது அரண் வழும்பு. பல நாட் கழுவாத தாங்கியின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக ஒன்று ஒட்டும். அதை வெறும் பாசி என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பற்றீரியாக்களின் ஊர். சுவரிற் பற்றிக்கொண்ட பற்றீரியாக்கள் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள்ளே அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. குளோரீன் வரும்போது மேலடுக்கில் இருப்பன மடிகின்றன. ஆயின், அந்தப் பசையோடும் மடிந்தவற்றோடும் தாக்கமுற்றே குளோரீன் தீர்ந்துவிடுகின்றது. உள்ளடுக்குக்கு அது போய்ச் சேர்வதில்லை. பின்னர் வழும்பின் துண்டுகள் கழன்று நீரோடு வருகின்றன. குடிநீர்க் குழாய்த் தொகுதிகளில் உள்ள பற்றீரியாக்களில் மிகப் பெரும்பகுதி ஓடும் நீரில் அன்று, குழாயின் சுவரிலேயே இருக்கின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

இந்த உண்மையின் முதற்சாயல் 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஒல்லாந்து நாட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி செய்து நுண்ணுயிர்களை முதன்முதற் கண்ட இலீவன்கூக்கு என்பவர், தம் பற்களில் ஒட்டியிருந்த அழுக்கை ஆராய்ந்தார். வினாகிரி பட்டபோது, அழுக்கின் வெளிப்புறத்தே இருந்த உயிர்கள் மாத்திரம் மடிந்தன; உள்ளே இருந்தவை மடியவில்லை. அவர் பல்லிற் கண்டதையே நாம் தாங்கியிற் காண்கின்றோம். பல்லை வாய்கொப்பளித்து மாத்திரம் துலக்க முடியுமா? தேய்க்க வேண்டும் அன்றோ?

இரண்டாவது அரண் கலங்கல். மண்துகளின் இடுக்கிலும், அழுகிய இலையின் மடிப்பிலும், நீரில் நீந்தும் சிற்றுயிர்களின் உடம்பிலும் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். அன்றியும், நீரில் உள்ள சேதனப் பொருளும் அமோனியாவும் இரும்பும் குளோரீனைத் தாமே விழுங்கிவிடும். பசித்த பத்துப்பேர் வாசலில் நிற்க, உள்ளேயிருப்பவனுக்கு அனுப்பிய சோறு அவனைச் சேருமா? அதுபோலத்தான் இதுவும். இட்ட குளோரீன் எவ்வளவு என்பதன்று. எஞ்சிய குளோரீன் எவ்வளவு என்பதே கணக்கு.

மூன்றாவது அரண் காலமும் காரமும். கிருமி சாவதற்குக் குளோரீனின் செறிவும் வேண்டும்; அது தங்கும் நேரமும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும். பவுடரைப் போட்ட கையோடு குழாயைத் திறப்பவர், மருந்தைக் கொடுக்குமுன் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வைத்தியரை ஒப்பர். நீரின் காரத்தன்மையும் தடையாகும். பி.எச். 7.5 அளவில் உள்ள நீரில் ஐப்போகுளோரசு அமிலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது, 8.5இல் பத்தில் ஒரு பங்கே நிற்கின்றது. மற்றப் பங்கு வலிமை மிகக் குறைந்த வேறோர் உருவமாக மாறிவிடுகின்றது. சுண்ணக்கல் நிலத்து நீர் பெரும்பாலும் சற்றே காரமானது. ஆகவே, வேறிடங்களிற் போதுமான நேரம் எமது கிணற்றுக்குப் போதாமற் போகலாம். பி.எச். 8இற்குக் குறைந்த நீரில் அரைமணி நேரமாவது தங்கிய பின், லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீனாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகின்றது.

நான்காவது அரண் இன்னோர் உயிரின் வயிறு. வியப்பாக இருக்கின்றதா? 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பழைய போர்வீரர் மகாநாடு ஒன்று நடந்தது. அதைத் தொடர்ந்து 221 பேர் நுரையீரல் நோயுற்று, 34 பேர் இறந்தனர். லீயோனெல்லா என்று பின்னர் பெயரிடப்பட்ட ஒரு பற்றீரியாவே காரணம் என்று அடுத்த ஆண்டு கண்டறியப்பட்டது. இது குடித்ததால் வந்ததன்று. கட்டடத்தைக் குளிராக்கும் பொறியின் நீர் நுண்டிவலைகளாகக் காற்றிற் கலந்ததால் வந்தது என்று கருதப்படுகின்றது. அந்தப் பற்றீரியா அமீபா என்னும் உயிருக்குள்ளே வாழ்ந்து பெருகவல்லது என்பது 1980இல் வெளியாயிற்று. பற்றீரியாக்களைத் தின்பது அமீபா. தின்றவனின் வயிற்றிலேயே தின்னப்பட்டது குடியேறிவிட்டது! அமீபா தன்னைச் சுற்றித் தடித்த கூடு கட்டிக்கொண்டால், உள்ளிருக்கும் பற்றீரியாவைக் குளோரீன் எளிதில் எட்டாது.

ஐந்தாவது அரண் கிருமியின் சொந்த உடம்பு. சில பற்றீரியாக்கள் வித்திகளாக உறைந்து, ஆண்டுக்கணக்கிற் கிடந்து பின் முளைக்கும். காசக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில, மெழுகு போன்ற உறையைப் போர்த்திருப்பதனாற் குளோரீனை நெடுநேரம் தாங்கும். வாந்திபேதிக் கிருமியே சிலபோது பசைபோர்த்த சுருக்கமான உருவெடுத்து, வழக்கமான குளோரீனுக்குத் தப்பிப் பிழைக்கின்றது. இன்னுஞ் சில, இடர் வந்தபோது உறங்குவன போலாகிவிடும். ஆய்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் வளரா. "கிருமியில்லை" என்று அறிக்கை வரும். ஆயினும் அவை சாகவில்லை. இதனைக் கொல்வெல் அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் 1982இல் எடுத்துரைத்தனர்.

இவற்றோடு, கிருமிக்குக் கிருமி வேறுபாடும் உண்டு. இதற்கு டில்லி மாநகரமே சாட்சி. 1955ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை நதி பெருகித் திசைமாற, ஒரு சாக்கடையின் கழிவு நீரெடுக்கும் இடத்தை அடைந்தது. பொறியியலாளர் ஆபத்தை உணர்ந்து குளோரீனைக் கூட்டினர். விளைவு யாது? நெருப்புக்காய்ச்சலும் வயிற்றுளைவும் பெருகவில்லை, பற்றீரியாக்கள் அடங்கின. ஆனால், டிசம்பரிலும் அடுத்த தையிலும் ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கமாரி கண்டது. பற்றீரியாவிலும் பன்மடங்கு சிறிய வைரசு ஒன்று அந்தக் கலங்கிய நீரிற் பிழைத்து வந்துவிட்டது. பிற்காலத்தில் அது ஈ வகைச் செங்கமாரி எனத் துணியப்பட்டது. குளோரீன் தோற்றது என்று இதனைக் கொள்ளலாகாது. கழிவையும் குடிநீரையும் கலக்கவிட்டுவிட்டுக் குளோரீனிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்தல் தவறு என்றே கொள்ளவேண்டும். அதே டில்லியில் 2011இல் வெளியான ஆய்வொன்று, 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டில், வலிமை மிக்க மருந்துகளுக்கும் அடங்காத தன்மையைத் தரும் பரம்பரையலகு இருப்பதைக் கண்டது. நீரிற் பிழைத்த கிருமி மருந்திலும் பிழைக்குமாயின் நாம் எங்கே போவோம்?

"உவர் நீக்கும் பொறியின் நீரில் கிருமியே இருக்காது" என்பாரும் உளர். அப்பொறியின் மென்றகடு உப்பையே தடுப்பதால், கிருமியையும் தடுக்கும் என்பது மெய். ஆனால், வழக்கமான மென்றகட்டைக் குளோரீன் அரித்துவிடும். ஆகையால், நீர் மென்றகட்டுக்குள் நுழையுமுன் குளோரீனை நீக்கிவிடுகின்றார்கள். காவலன் இல்லாத அந்த இடத்திலே பற்றீரியாக்கள் வழும்பு கட்டி வாழ்கின்றன. பொறியை நடத்துவோர்க்கு இது தீராத தலையிடி. வெளிவரும் நீரிலும் காவலனாகக் குளோரீன் இல்லை. மறுபடி இட்டாலன்றி, வழியில் வந்துசேரும் கிருமியைத் தடுக்க யாருமில்லை. நல்ல நீரை அழுக்குக் கானில் ஏந்தினால், அது நல்ல நீராக எத்தனை மணிநேரம் இருக்கும்?

பெரியோர்களே! இவற்றைக் கேட்டுக் குளோரீனை வெறுத்துவிடாதீர்கள். அதனை நம்புவதற்கும் அதனிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதே எமது கட்சி. நெல்லை விதைத்துவிட்டுக் களை பிடுங்காதவன் விதையைக் குறைசொல்லலாமா?

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலிற் சுரண்டித் தேய்த்தல். தாங்கியை வெறுமையாக்கி, தும்புத்தடியால் உட்சுவரையும் அடித்தளத்தையும் மூலைகளையும் தேய்த்து, வழும்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதன்பின்னரே பவுடர். தேய்க்காமற் பவுடர் இடுவது, வினாகிரியைக் கொப்பளித்த கதைதான்.

இரண்டாவது, கணக்கு. பத்தடி விட்டமுள்ள கிணற்றில் ஆறடி நீர் நின்றால், அது ஏறத்தாழ 13,300 லீற்றர். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் இடுவதாயின் 13.3 கிராம் குளோரீன் வேண்டும். புதிய பவுடரில் நூற்றுக்கு 30 பங்கு குளோரீன் இருந்தால் 44 கிராம் பவுடர் போதும். அதே பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் திறந்து கிடந்து 15 பங்காகக் குறைந்துவிட்டால், 89 கிராம் வேண்டும். கடற்காற்று வீசும் எமது தீவில் திறந்த பையிற் கிடந்த பவுடரைக் கண்ணளவாக அள்ளிப் போடுவதில் என்ன உறுதி? இது கணக்கின் வழியைக் காட்டுதற்கே. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே செய்யவேண்டும்.

மூன்றாவது, சோதனை. சிறு கண்ணாடிக் குழாயில் நீரை எடுத்து அதற்குரிய மாத்திரையை இட்டால், குளோரீன் எஞ்சியிருப்பின் நீர் இளஞ்சிவப்பாகும். நிறத்தைப் பார்த்து அளவை அறியலாம். சோதித்த நீரைக் குடியாது ஊற்றிவிட வேண்டும். இதற்குப் பட்டம் வேண்டா. பொறுமையுள்ள ஒரு மாணவன் போதும். தாங்கியின் அருகிலன்று, கடைசிக் குழாயிலே சோதிக்க வேண்டும். கடைசிக் குழாய்க்குக் காவலன் வந்து சேர்ந்தானா என்பதே எமக்கு வேண்டிய செய்தி.

நான்காவது, தாய்மார் கையிலுள்ளது. கானையும் குடத்தையும் உட்புறந் தேய்த்துக் கழுவுதல், மூடிவைத்தல், கைவிட்டு மொள்ளாமற் சரித்து வார்த்தல், குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தல். துணியில் வடித்தலை இகழ வேண்டா. வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியிற் பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி சேலையின் இழையிலும் மிகச் சிறியதாயிற்றே, எப்படித் தடுபட்டது? கிருமி ஏறியிருந்த சிற்றுயிர் தடுபட்டது; அதனோடு கிருமியும் தடுபட்டது. எமது பாட்டிமார் குடத்து வாயில் துணி கட்டியது வீண்போகவில்லை. ஆயினும், தனியே மிதக்கும் கிருமி துணியினூடே போய்விடும். ஆகவே, வடித்தபின் கொதிக்கவைத்தலும் வேண்டும்.

சகோதரர்களே! நகரத்திலே ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டங் கண்டால், அரைமணியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். இங்கே இரவில் நோய் முற்றினால், வள்ளம் வேண்டும், ஓட்டி வேண்டும், கடலும் இணங்க வேண்டும். ஊர்காவற்றுறைத் துறைமுகம் எட்டும்வரை அப்பிள்ளையின் உடம்பில் நீர் வற்றிக்கொண்டே இருக்கும். கடல் இடைப்பட்ட ஊருக்கு வருமுன் காத்தலே முதல் வைத்தியம். உப்பும் சீனியும் சேர்ந்த கரைசற் பொடியை வீடுதோறும் வைத்திருத்தலும் அதனோடு சேர்ந்த காவலே.

ஆகவே, இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, வரும் திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னரே தண்ணீர்ப்பந்தற் தாங்கியைச் சங்கத்து இளைஞர்கள் இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். பூட்டிய தாங்கிக்குள் ஒருவர் தனியே இறங்காமல், மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். இரண்டாவது, குளோரீன் சோதிக்கும் சிறுபெட்டி ஒன்றைச் சங்கம் வாங்கி, கிழமைக்கொரு முறை பொதுக்குழாய்களைச் சோதித்து, அளவை நாளுடன் ஒரு கொப்பியில் எழுதி, வாசிகசாலையில் எவரும் பார்க்க வைக்க வேண்டும். மூன்றாவது, பொதுக்கிணறுகளின் அருகே புதிய மலக்குழி வெட்டப்படாமற் பெரியோர்கள் தங்கள் சொல்வன்மையாற் காக்க வேண்டும். முதலிரண்டும் எம்மால் இயலும். மூன்றாவது உங்களாலன்றி இயலாது. அயலவரோடு மனத்தாங்கல் வருமே என்று அஞ்சினால், அயலவர் பிள்ளையும் எமது பிள்ளையும் ஒரே நீரையே குடிக்கின்றன என்பதை நினைத்துக்கொள்வோமாக.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் தந்த நீரைக் கெடாது காத்து, கேட்பவனுக்கு வார்ப்பது எமது பங்கு. செம்பை நீட்டும் கை தாங்கியைத் தேய்த்த கையாகவும் இருக்கட்டும்.